பகடை, நடுவர், ஒரு பழைய நோட்டு

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்திலிருந்து கேட்டபோது, எல்லோரையும் போல மெஸ் சாம்பாரைப் பற்றியோ ஆய்வக வைவாவைப் பற்றியோ எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் போன மாதம் பரணில் எதையோ தேடப்போக, என் பழைய நோட்டு ஒன்று அகப்பட்டது. முன்பக்கம் தெர்மோடைனமிக்ஸ். பின்பக்கத்திலிருந்து திருப்பினால் முழுக்க எண் போட்ட பட்டியல்கள். ‘இரவில் சந்தைக்கு வருபவர்’, ‘அவருக்கு வேண்டியது’, ‘அவர் மறைப்பது’ என்று தலைப்புகள்; ஒவ்வொன்றின் கீழும் 20 வரிகள். என் மனைவி பார்த்துவிட்டு, “இது என்ன, ஜோசியமா?” என்றாள். ஜோசியம் இல்லை. ஆனால் அதன் பின்னால் இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அதைத்தான் எழுதப்போகிறேன்.

ரோல் பிளேயிங் கேம் என்ற மேசை விளையாட்டை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்வார்கள். ஒருவர் நடுவர், மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரம். நடுவர் நிலைமையைச் சொல்வார். “நான் கதவைத் தட்டுறேன்” என்பான் ஒருவன். “நான் கூரை மேல ஏறுறேன்” என்பான் இன்னொருவன். என்ன ஆகிறது என்று நடுவர் சொல்ல வேண்டும். சந்தேகம் உள்ள இடத்தில் பகடை. எழுதிவைத்த வசனம் கிடையாது. எனவே நடுவர் எவ்வளவுதான் தயார் செய்துகொண்டு வந்தாலும், ஆட்டக்காரர்கள் அதை விட்டுவிட்டு வேறு பக்கம் போனால் அம்போதான்!

எனக்கு அது மூன்றாம் ஆண்டில் நடந்தது. 14 பக்கம் கதை எழுதி வைத்திருந்தேன்: பனிமலை, கோட்டை, சிறைப்பட்ட இளவரசன் எல்லாம் உண்டு. நண்பர்களோ கோட்டைக்குப் போகாமல் மலையடிவாரத்துச் சந்தையில் நின்றுகொண்டு, “இங்க யாரு இருக்கா? என்ன விக்கிறாங்க?” என்றார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “சந்தை மூடிவிட்டது, கோட்டைக்குப் போங்கள்” என்றேன். மூன்று முறை இப்படியே தள்ளினேன். கடைசியில் மதுரைக்கார நண்பன், “கதையை நீயே படிச்சு முடிச்சுக்கோ, நாங்க தூங்கப் போறோம்” என்று எழுந்துவிட்டான். உள்ளுக்குள் நிஜமாகவே வலித்தது.

இந்தச் சங்கடம் எனக்கு மட்டும் வந்ததல்ல என்று பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1812-இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்பவர் மன்னருக்கு ஒரு போர் விளையாட்டு மேசையைச் செய்து கொடுத்தார். பீரங்கிப்படை அதிகாரியான அவர் மகன் அதைத் திருத்தி, 1824-இல் வரைபடத்தின் மேல் ஆடும் விதிநூலாக வெளியிட்டார். இரு தரப்பும் கட்டளைகளை எழுதி நடுவரிடம் கொடுக்கும். துப்பாக்கிச்சூட்டின் விளைவைப் பகடையும் அட்டவணையும் சொல்லும். அட்டவணைகள் பெருகப் பெருக ஆட்டம் நத்தை வேகமாயிற்று. 1876-இல் தளபதி வெர்டி து வெர்னுவா, அட்டவணையெல்லாம் எதற்கு, அனுபவமுள்ள நடுவர் சொன்னால் போதாதா என்று ஒரு நூல் எழுதினார். அட்டவணையா, நடுவரின் புத்தியா? அன்று தொடங்கிய வழக்கு இன்னும் தீரவில்லை.

வழக்கு அமெரிக்காவுக்குப் போனது ஒரு கல்லூரி நூலகத்தின் வழியாக. நம் நூலகத்தில் தூங்குவதற்கு மட்டுமே போனவர்கள் கவனிக்கவும்! மினசோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர், டாட்டன் என்பவர் 1880-இல் எழுதிய ‘ஸ்ட்ராட்டகோஸ்’ என்ற போர் விளையாட்டு நூலைக் கண்டெடுத்தார். நடுவருக்கு அதில் தரப்பட்டிருந்த பரந்த அதிகாரம் அவரைக் கவர்ந்தது. 1969-இல் பிரௌன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மன் ஊரை வைத்து ஓர் ஆட்டம் நடத்தினார். ஆளுக்கொரு வேடம் கொடுத்ததுதான் தாமதம், எல்லோரும் மூலைக்கு மூலை கூடிப் பேரம் பேசத் தொடங்கிவிட்டார்கள். இருவர் வாள்சண்டைக்கே தயாராகிவிட்டார்கள். அதற்கு விதி ஏது? வெஸ்லி அந்த இடத்திலேயே யோசித்துச் சமாளித்தார். ஆட்டம் படுதோல்வி என்று அவர் நினைக்க, ஆடியவர்களோ இன்னொரு முறை நடத்தச் சொல்லிக் கேட்டார்கள்.

அந்தக் குழுவிலிருந்த டேவ் ஆர்னசன் 1971-இல் ‘பிளாக்மூர்’ என்ற கற்பனை நாட்டை உருவாக்கினார். விஸ்கான்சினில் இருந்த கேரி கைகாக்ஸுடன் சேர்ந்து அவர் எழுதிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974-இல் வெளிவந்தது. ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு நூல்கள், விலை 10 டாலர், முதல் அச்சு 1,000 பிரதிகள்.

அதில் இரண்டு அட்டவணைகளை மட்டும் சொல்கிறேன். நிலவறைக்குள் ஒவ்வொரு சுற்றிலும் நடுவர் ஒரு பகடை உருட்டுவார். 6 விழுந்தால் எங்கிருந்தோ ஒரு பிராணி வந்து நிற்கும். சும்மா நின்று நேரத்தைக் கடத்த முடியாது. இரண்டாவது, எதிரே வந்தவர் எப்படி நடந்துகொள்வார் என்பது. இரண்டு பகடை: 2 முதல் 5 வரை பகை, 6 முதல் 8 வரை இரண்டுங்கெட்டான், 9 முதல் 12 வரை நட்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 36 வாய்ப்புகளில் பகை 10, நட்பு 10, நடுவில் 16. அதாவது பல நேரங்களில் எதிராளி உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் முடிவெடுப்பான். உருட்டியவுடன் வெட்டு குத்து இல்லை. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டிருந்தாலே எங்கள் சந்தையில் நான் திண்டாடியிருக்க மாட்டேன்.

1975-இல் தனியாளாக ஆட, நிலவறையையே பகடையால் வரையும் அட்டவணைகளை கைகாக்ஸ் பத்திரிகையில் வெளியிட்டார். 1979-இல் அவர் எழுதிய நடுவர் கையேட்டில் வாசனைக்கும் சத்தத்துக்கும்கூட அட்டவணை வந்துவிட்டது. அதே கையேட்டில், பொருந்தாத இடத்தில் பகடையைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்ற சலுகையும் உண்டு. வெர்டி து வெர்னுவா பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

என்னைக் கேட்டால் விஷயத்தின் கருவைத் தொட்டது 1977-இல் மார்க் மில்லர் எழுதிய ‘ட்ராவலர்’ என்ற விண்வெளி விளையாட்டுதான். கோள்களையே பகடையால் உண்டாக்குவது. அளவுக்கு இரண்டு பகடை, கழித்தல் 2. காற்றுக்கு இரண்டு பகடை, கழித்தல் 7, கூட்டல் கோளின் அளவு. சிறிய கோளில் காற்று நிற்காது என்ற இயற்பியல் அந்தக் கூட்டலுக்குள்ளேயே இருக்கிறது, என்ன அழகு! ஆனால் துறைமுகமும் மக்கள்தொகையும் தனித்தனியாக விழும். எனவே காற்றே இல்லாத குட்டிக் கோள், அதில் நூறு கோடிக்கு மேல் மக்கள், கப்பல் இறங்க ஓர் ஒழுங்கான துறைமுகம்கூட இல்லை என்று வந்து நிற்கும். அபத்தமாகத் தோன்றினால் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடிக்கலாம், அல்லது மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் மில்லர். ஏன் இத்தனை பேர் அங்கே? யார் அவர்களை வெளியே விடாமல் வைத்திருப்பது? இதோ, கதை கிடைத்துவிட்டது.

எனக்கு விளங்கியது இதுதான்: அட்டவணை நமக்காக முடிவெடுப்பதில்லை. அவசரத்தில் நம் மூளை எப்போதும் ஒரே தடத்தில்தான் ஓடும். என் ஊர்களில் சத்திரக்காரன் எல்லாம் குண்டாக, கலகலப்பாகவே இருப்பான். பகடை அந்தத் தடத்தின் குறுக்கே ஒரு கல்லைப் போடுகிறது. அதைச் சுற்றிப் போக நாம் யோசித்தே ஆக வேண்டும். பட்டியலும் நாமே ஆற அமர எழுதியதாக இருந்தால்தான் ருசி. இன்று கணினியைக் கேட்டால் ஒரு நொடியில் நூறு வரி தரும். வாங்கிப் பார்த்தேன், எந்த ஊருக்கும் பொருந்துகிற மாதிரியே இருந்தது.

எங்கள் கதைக்கு வருகிறேன். அடுத்த வாரம் முழுக்க வகுப்பில் உட்கார்ந்து இந்த நோட்டின் பட்டியல்களை எழுதினேன். 20 முகப் பகடைக்கு எங்கே போவது? பரீட்சைக்கு வாங்கிய கேசியோ கால்குலேட்டரில் ரான் என்ற பொத்தான் உண்டே, அதில் வரும் எண்ணை 20-ஆல் பெருக்கி, 1 கூட்டி, தசமத்தை விட்டுவிட்டால் பகடை தயார். மதுரைக்காரனைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். மறுபடியும் அதே சந்தை, அதே கேள்வி: “யாரு இருக்கா?” தட்டினேன். சுங்கக் காவலர். அவருக்கு வேண்டியது: ஒரு மூட்டை உப்பு. அவர் மறைப்பது: இருட்டில் கண் தெரியாது. மூன்றும் ஒட்டவே இல்லை. நாலு நொடி விழித்தேன். “கண்ணு தெரியாதவரு ராத்திரிக் காவல்ல எப்படி?” என்று அவனே கேட்டான். “அதைத்தான் அவர் யாருக்கும் சொல்லவில்லை” என்றேன். அவ்வளவுதான், காவலருக்குப் பதிலாக இரவெல்லாம் விழித்திருந்த அவர் மகளைத் தேடி மூன்று இரவு ஆடினார்கள். கோட்டையில் இளவரசன் இன்னும் சிறையில்தான் இருக்கிறான்.

நோட்டில் ‘அவர் மறைப்பது’ பட்டியலில் 17-ஆம் வரி மட்டும் காலி. அன்று ஒன்றும் தோன்றவில்லை. அந்த எண் வந்தால் ஆட்டக்காரரில் ஒருவர் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். நாலாம் ஆண்டு முடியும்வரை அது வரவே இல்லை. ஒன்றுகூடலுக்கு வரும்போது நோட்டைக் கொண்டுவருகிறேன். கால்குலேட்டரும் வேலை செய்கிறது.