கூச்சிங் இசைவிழாவும் தாத்தாவின் தப்பும்

நம் நாட்டில் கோடைக்காலம் என்று தனியே ஒன்றில்லை. எனினும், ஆண்டின் நடுப்பகுதியில் சரவாக்கில் ஓர் இசைவிழா நடைபெறுகிறது. 1998ஆம் ஆண்டு தொடங்கிய மழைக்காட்டு உலக இசைவிழாதான் அது. கூச்சிங் நகரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், சந்துபோங் மலையடிவாரத்தில் உள்ள சரவாக் கலாசாரக் கிராமத்தில் பல்லாண்டுகளாக நடந்து வருகிறது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றபோது, 2003 ஜூலையில் நண்பர்கள் மூவருடன் அங்குச் சென்றேன். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு அதுவே முதல் விமானப் பயணம். இரவில் திறந்தவெளி மேடைகளில் பன்னாட்டு இசை முழங்க, மழையில் நனைந்து சேற்றில் ஆடினோம். (எங்கள் காலணிகள் ஊர் திரும்பவில்லை!)

பகலில், நீண்ட வீடு ஒன்றில் நடந்த பயிற்சியரங்குதான் இன்றும் நினைவில் நிற்கிறது. பெரியவர் ஒருவர் 'சாப்பே' மீட்டிக்கொண்டிருந்தார். ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்யப்படும் நரம்புக் கருவி அது. கென்யா, காயான் மக்கள் முற்காலத்தில் நோய் தீர்க்கும் சடங்குகளில் அதை இசைத்தனர். மதமாற்றத்தால் அச்சடங்குகள் மறைந்தன. இளையோர் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். புகழ்பெற்ற கலைஞர் துசாவ் பாடானும் 1996இல் மறைந்தார். அத்தகைய கருவியைச் சூழ்ந்து இளைஞர் கூட்டம் அமர்ந்திருந்ததைக் கண்டு வியந்தேன்.

அப்போது தாத்தாவின் தப்பு நினைவுக்கு வந்தது.

1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இம்மலைத் தோட்டங்களில் குடியேறிய நம்மவர் தம் தெய்வங்களோடு தப்பையும் கொண்டுவந்தனர். இங்குள்ள மூடுபனியில் தோல் விரைவில் தளர்ந்துவிடும். தாத்தா வைக்கோலைக் கொளுத்தி, தப்பைச் சூடேற்றி, விரலால் தட்டிப் பார்த்த பின்னரே அடிக்கத் தொடங்குவார். மாரியம்மன் திருவிழாவில் அதற்கு ஆடிய கால்களே, மறுநாள் அதைச் 'சாவு மேளம்' என்று ஒதுக்கின. சாதியைச் சுட்டும் ஏளனம் அது. கல்லூரியில் தாத்தாவைப் பற்றி நான் வாய் திறந்ததில்லை.

ஊர் திரும்பியதும் லயத்து வீட்டின் பரணில் தேடினேன். சட்டத்தைச் செல் அரித்திருந்தது, தோல் இல்லை. அடிக்குச்சியும் சிம்புக்குச்சியும் மட்டுமே மிஞ்சியிருந்தன. தாத்தா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

சாப்பே கலைஞர் மேத்யூ ஙாவ் ஜாவ் 2015இல் தேசிய மரபுச் செல்வராக அறிவிக்கப்பட்டார். பெண்கள் தொடலாகாது என்றிருந்த கருவியை அவரிடம் பயின்ற அலேனா முராங் உலக மேடைகளில் இசைக்கிறார். தமிழகத்தில் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மேடை கிடைத்தால் மதிப்பும் வரும் என்பது என் எண்ணம். விருதுக்கு முன்பே வந்திருக்க வேண்டும் என்பது வேறு செய்தி.

பள்ளிக் கலைவிழாவுக்காக மாணவர்களுக்குத் தப்படிக்கக் கற்றுக்கொடுத்தேன். "சாவு மேளத்தையா சார் பிள்ளைக்குச் சொல்லித் தர்றீங்க?" என்று ஒரு தந்தை கேட்டார். தாத்தாவின் குச்சிகளை அவரிடம் காட்டினேன். கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தவர், தம் தந்தையிடமும் இப்படி இரண்டு குச்சிகள் இருந்தன என்றார்.