குதிரும் பீரோவும்

நாமக்கல் வட்டாரச் சிற்றூர்களில் எஞ்சியுள்ள பழைய ஓட்டு வீடுகளுக்குள் நுழையும்போது நாம் தலை குனிகிறோம். நிலை தாழ்வு, வாசல் குறுகல். இவ்வழியே பெரிய பொருள்களை எவ்வாறு உள்ளே கொண்டுசென்றனர்? கொண்டு செல்லவே இல்லை என்பதே விடை.

தானியக் குதிரே இதற்குச் சான்று. களிமண்ணில் வைக்கோல் கலந்து பிசைந்து, உறை உறையாக வீட்டுக்குள்ளேயே அடுக்கிப் பூசி அதை எழுப்புவர். மேல்வாய் வழியே கம்பையோ நெல்லையோ கொட்டுவர். அடியிலுள்ள துளை வழியே எடுப்பர். ‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்று பிள்ளை உளறிய பழமொழியே அதன் அளவைக் காட்டிவிடும்; ஆள் ஒருவர் ஒளிந்து நிற்கலாம்! வீட்டுக்குள் பிறந்த குதிர் உடைந்தால்தான் வெளியேறும். ஆட்டுக்கல் தரையில் பதிந்திருந்தது. தொட்டில் உத்திரத்தில் தொங்கியது. பாய் சுருட்டினால் கக்கத்தில் அடங்கியது. அகன்ற வாசலுக்குத் தேவை ஏது?

கட்டில் நமக்குப் பழைய சொல். ஆயின் மேசையும் அலமாரியும், 16ஆம் நூற்றாண்டில் நம் கடற்கரைக்கு வந்த போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொற்கள். சாவியும் சன்னலும் அவ்வாறே. இரும்புப் பீரோ இன்னும் பிந்தியது. பம்பாயின் கோத்ரெஜ் நிறுவனம் 1923இல்தான் எஃகு அலமாரியை அறிமுகப்படுத்தியது. அது கல்யாணச் சீராக ஊர்களுக்குள் வந்தபோது, கதவைக் கழற்றியும் நிலையைப் பெயர்த்தும் இடம்கொடுத்த வீடுகள் உண்டு.

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. ஆம்ஸ்டர்டாம் நகரில் 17ஆம் நூற்றாண்டில் கால்வாய்க் கரையோரம் ஒடுங்கி உயர்ந்த வீடுகளைக் கட்டியோர், செங்குத்தான படிக்கட்டில் கட்டில் ஏறாது என்பதை உணர்ந்திருந்தனர். முகப்பின் உச்சியில் ஒரு விட்டத்தை வெளியே நீட்டிக் கொக்கி மாட்டினர். கயிறும் கப்பியும் கொண்டு சன்னல் வழியே பொருள்களை ஏற்றும் வழக்கம் இன்றும் அங்குண்டு. குறுகலான வீட்டைக் கட்டினாலும் அதற்குரிய வழியையும் சேர்த்தே கட்டினர்.

நம் மாடி வீடுகளில் அவ்வழியைக் காணோம். லாரிக் கூடு கட்டுவதில் பெயர்பெற்ற நாமக்கல்லிலிருந்து நாடெங்கும் சரக்குச் செல்கிறது. வீட்டின் கடைசிப் பத்தடியில்தான் அது திகைத்து நிற்கிறது. மனை சிறுத்தால் முதலில் சுருக்கப்படுவது படிக்கட்டே. பீரோ ஏறாவிடின் கீழேயே இருந்துவிடும். ஆனால், ஸ்ட்ரெச்சர் திருப்பத்தில் திரும்பாததால், மாடியில் நோயுற்ற முதியவரை நாற்காலியில் அமர்த்தி இறக்கியதை நாம் கண்டதுண்டு. சவப்பெட்டி மேலே ஏறாமல், உடலை வேட்டியில் ஏந்தி வந்து தெருவில் பெட்டியில் கிடத்திய வீடுகளிலும் மன்றாடியிருக்கிறோம். திண்ணையும் ஆசாரமும் இருந்த பழைய வீட்டில், நிலை எவ்வளவு தாழ்ந்திருந்தும், இத்துன்பம் இருந்ததில்லை.

அடிக்கல் மந்திரிக்க அழைப்போரிடம் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, ஆறடிப் பெட்டி படிக்கட்டில் திரும்புமா என்று இப்போதெல்லாம் வினவுகிறோம். மங்கல நாளில் இது என்ன பேச்சென்று முகம் சுளிப்போர் உண்டு. இரண்டொருவர் கொத்தனாரை அழைத்து, ஓரடி கூட்டச் சொல்லியிருக்கின்றனர்.