இளசாகக் குடிக்கும் மது

பிரான்சில் லியோன் நகருக்கு வடக்கே போஜொலே என்று ஒரு மலைப்பாங்கான வட்டாரம். அங்கே காமே என்ற கறுப்புத் திராட்சையில் சிவப்பு ஒயின் செய்கிறார்கள். பழத்தை நசுக்காமல் குலை குலையாகத் தொட்டியில் போட்டு மூடிவிடுவார்கள். பழத்துக்குள்ளேயே நொதித்தல் தொடங்கிவிடும். அதனால் துவர்ப்புக் குறைவு. புளிப்பும் பழவாசனையும் தூக்கல். இதில் ஒரு வகையை அறுவடையான அதே ஆண்டு நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமையே திறந்துவிடுகிறார்கள். வருடக்கணக்கில் பூட்டி வைக்கும் சமாச்சாரம் இல்லை. சற்றே குளிரவைத்து, லியோன் ஊர்ப் பன்றி சாசேஜ், ஆட்டுப்பால் சீஸ், சுட்ட கோழி இவற்றோடு குடிப்பது வழக்கம். கொழுப்பின் திகட்டலை அந்தப் புளிப்பு எடுத்துவிடும்.

திருப்போரூர்க்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் நமக்குப் பக்கத்தில் கோவளத்திலேயே இருந்திருக்கிறார்கள். 1750-ல் கப்பலில் வந்து, நோயாளிகள் என்று சொல்லி உள்ளே நுழைந்து, கோவளம் கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். 1752-ல் ராபர்ட் கிளைவ் அதையும், அடுத்துச் செங்கல்பட்டுக் கோட்டையையும் அவர்களிடமிருந்து கைப்பற்றினார். அந்தக் காலத்தில் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குக் கப்பல் வர மாதக்கணக்கில் ஆகும். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்ட வேண்டும். அந்த வெக்கையில் இளம் ஒயின் தாங்காது. நீண்ட பயணத்துக்கு ஈடுகொடுக்கும் சரக்குதான் கரை சேரும்.

யவனர் காலத்திலும் இதே கதைதான். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் இரண்டு கைப்பிடி ஜாடித் துண்டுகள் கிடைத்தன. கல்பாக்கத்துக்குத் தெற்கே வசவசமுத்திரத்திலும் தமிழக அரசுத் தொல்லியல் துறையின் அகழாய்வில் ஜாடித் துண்டுகள் வந்தன. அந்த ஜாடிகளின் உட்புறம் பிசின் பூசியிருப்பார்கள். கோஸ் தீவு ஒயினில் கடல்நீரே கலப்பதுண்டு. எல்லாம் வழியில் கெடாமல் இருக்கத்தான். அப்படி வந்ததை யார் குடித்தார்கள்? புறநானூறு 56-ல் நக்கீரர் வாழ்த்துவது பாண்டியன் நன்மாறனை. யவனர் தந்த மதுவைப் பொற்கலத்தில் ஏந்திக் கொடுக்க வளையணிந்த மகளிர் இருந்தார்கள். அது அரண்மனைச் சரக்கு.

ஊர் மக்கள் குடித்தது வேறு. அதைப் பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மீது பாடியது. நம் தொண்டை நாட்டு நூல். அதில் வலைஞர் குடியிருப்பில் குத்தாத அரிசியைக் கூழாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவைத்து, முளைநெல் மாவு கலந்து, சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு விளையவிடுகிறார்கள். பிறகு விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு தருகிறார்கள். நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்தில் கள் சமைக்கும் பெண்கள், நெல்மாவு ஊட்டிக் கொழுக்க வைத்த பன்றிக்கறியோடு புளித்த கள்ளைக் கொடுக்கிறார்கள். அந்தத் துறை நம் மாமல்லபுரம் பக்கம்தான் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு.

இரண்டே நாளில் விளைந்த மதுவும் அன்றைக்குப் பிடித்த மீனும். புளித்த கள்ளும் கொழுத்த பன்றியும். லியோன்காரனுக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம். இளம் மது ஊரைவிட்டுப் போகாது. அதனால் அந்த ஊர்ச் சமையலோடு சேர்ந்தே வளர்கிறது.

நம் பனங்கள்ளும் இந்த ஜாதிதான். காலையில் இறக்கியது மாலைக்குள் கடுத்துவிடும். கேரளத்துக் கள்ளுக்கடையில் மரவள்ளிக்கிழங்கும் காரமான மீன்குழம்பும் இன்றும் அதற்குத் துணை.

காமே திராட்சைக்கும் ஒரு தடை வந்ததுண்டு. 1395-ல் பர்கண்டி டியூக் பிலிப், அது மட்டமான செடி, பிடுங்கி எறியுங்கள் என்று ஆணையிட்டார். ஆனால் அவருடைய ஆட்சி எல்லைக்குத் தெற்கே, போஜொலேயின் கருங்கல் மண்ணில் அது தழைத்தது. 1937-ல் பிரெஞ்சு அரசே அந்த வட்டாரப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது.

இங்கே 1987-ல் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. பனை நம் மாநில மரம். ஆனால் அதன் கள்ளை இறக்கினால் வழக்கு. அரசுக் கடையிலோ 'இந்தியத் தயாரிப்பு அயல்நாட்டு மது' தாராளமாகக் கிடைக்கிறது. மரக்காணத்தைத் தாண்டிப் புதுச்சேரி எல்லைக்குள் போனால் அதே பனையில் கள் இறக்குவது குற்றமில்லை.

குடி கெடுத்த குடும்பங்களை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். மதுவே வேண்டாம் என்று ஓர் அரசு சொன்னால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. அயலூர்ப் பாணிச் சரக்கை விற்றுக்கொண்டே ஊர்ச் சரக்கை மட்டும் தடுப்பதற்கு என்ன நியாயம் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. பனையேறும் தொழில் கையில் இருப்பவர்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள். சட்டத்தைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். மரம் ஏறத் தெரிந்த ஆளை அரசாணை போட்டு உண்டாக்க முடியாது.