மடு மாதாவிடம் கேட்கும் வரமும் கருவின் முதல் 14 நாட்களும்

ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்கு வருகிறவர்கள் கேட்கும் வரங்களில் பிள்ளை வரமும் ஒன்று. கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவர்களும் சிங்களவர்களும் இந்தக் காட்டுக் கோயிலுக்கு வந்து நேர்த்தி வைக்கிறார்கள். கலியாணமாகி நாலைந்து வருடமாகியும் பிள்ளை இல்லாத சோடிகளை, பெரும்பாலும் மாமியார் துணையோடு, கூடாரங்களுக்கு இடையில் காணலாம். நேர்த்தி வைப்பது பெண். விரதம் இருப்பது பெண். 'ஆரில பிழை' என்று ஊர் கேட்கும்போது முதலில் திரும்பிப் பார்ப்பதும் பெண்ணைத்தான்.

மன்னாரிலும் வன்னியிலும் இந்தக் கேள்விக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது: சண்டை. செல் புகையைச் சுவாசித்தது, பங்கருக்குள் பட்டினி கிடந்தது, முகாமில் போட்ட ஊசி என்று ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம். ஊடகக் கற்கை படித்தவன் நான்; என்னுடைய விஞ்ஞானம் சாதாரண தரத்தோடு நின்றுவிட்டது. ஆனாலும் கருவளம் பற்றியும் முளையத்தின் முதல் நாட்கள் பற்றியும் வந்திருக்கும் ஆய்வுகளை வாசிக்கத் தொடங்கியபோது, எங்கள் ஊர்ப் பயங்களில் சிலவற்றுக்கு அங்கே தெளிவான பதில் இருப்பதைக் கண்டேன். சில பதில்கள் ஆறுதல் தருபவை. சில, ஆண்களுக்குப் பிடிக்காதவை.

அம்மம்மாவின் வயிற்றிலிருந்தே

ஒரு பெண்ணின் சூல்கள் அவள் பூப்படையும்போது உண்டாவதில்லை. அவள் தாயின் வயிற்றில் 5 மாதப் பிள்ளையாக இருக்கும்போதே அவளுடைய சூலகங்களில் 60 முதல் 70 இலட்சம் வரையான சூல் கலங்கள் இருக்கும். பிறக்கும்போது அது 10 முதல் 20 இலட்சமாகவும், வயதுக்கு வரும்போது 3 அல்லது 4 இலட்சமாகவும் குறைந்துவிடும். வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளியேறுவது ஏறக்குறைய 400தான்.

இதை எங்கள் நிலத்தில் வைத்துப் பாருங்கள். 1990இல் சண்டை மீண்டும் தொடங்கியபோது, ஐ.நா. அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயம் மடுவில் திறந்த நிவாரண நிலையத்தை அமைத்தது. அங்கே தறப்பாளுக்குக் கீழே ஒரு கர்ப்பிணித் தாய் இருந்திருந்தால், அவரது வயிற்றில் இருந்தது ஒரு பெண் பிள்ளையாக இருந்திருந்தால், அந்தப் பிள்ளைக்குள் பேரப்பிள்ளைகளின் சூல்களும் அப்போதே இருந்தன. ஒரே கூடாரத்தில் மூன்று தலைமுறை. அன்று அந்த அம்மம்மா சாப்பிட்டதும் சாப்பிடாமல் விட்டதும் மூன்று பேரையும் தொட்டிருக்க வேண்டும்.

அப்படியென்றால் சண்டை எங்கள் பெண்களின் கருவளத்தைக் கெடுத்துவிட்டதா? இதை ஆராய்வதற்கு உலகம் அதிகம் நம்பியிருப்பது இன்னொரு போரின் பட்டினியை.

1944–45 குளிர்காலத்தில் ஜேர்மன் படைகள் நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகவிடாமல் தடுத்தன. ஓர் ஆளுக்கான நாள் பங்கீடு 1000 கலோரிக்குக் கீழே போய், மிக மோசமான வாரங்களில் அதன் பாதியளவுக்கு இறங்கியது. 1945 மே மாதம், நாடு விடுவிக்கப்பட்டதோடு பட்டினி முடிந்தது. தொடக்கமும் முடிவும் தெரிந்த பட்டினி. வைத்தியசாலைகளின் பிறப்புப் பதிவேடுகளும் தப்பியிருந்தன. அதனால் அன்று வயிற்றில் இருந்த பிள்ளைகளை 60 வயது தாண்டியும் தேடிப் பிடித்து ஆராய முடிந்தது.

அங்கே முதலில் தெரிந்தது, பட்டினிக்கு ஒன்பது மாதம் கழித்துப் பிறப்புகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததும், உணவு வந்ததும் அவை மீண்டு வந்ததும். பட்டினியில் பல பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோனது. அது சூலகம் பழுதானதால் அல்ல. உடலுக்குப் போதிய சக்தி இல்லையென்று கண்டால், சூலை முதிரச் செய்யும் சமிக்ஞையை மூளையே நிறுத்திவைக்கிறது. உடம்பு தேறினால் சமிக்ஞை திரும்பும்.

இரண்டாவது, 2008இல் வெளியான ஆய்வு. கருத்தரித்த காலத்தில் பட்டினிக்குள் அகப்பட்ட 60 பேரை, பட்டினிக்கு முன்னும் பின்னும் கருவான அவர்களுடைய சொந்தச் சகோதரங்களோடு ஒப்பிட்டார்கள். வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஐ.ஜி.எஃப்.2 என்ற பரம்பரையலகின் மீதுள்ள இரசாயன அடையாளங்கள், 60 வருடம் கழித்தும், அகப்பட்டவர்களில் குறைவாக இருந்தன. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் மட்டும் பட்டினியைக் கண்டவர்களிடம் இந்த வேறுபாடு இல்லை. ஆக, தழும்பு விழுவது தொடக்கத்தில். தாய்க்கே தான் கர்ப்பிணி என்று தெரியாத வாரங்களில். தொடக்கத்தில் பட்டினிக்குள் அகப்பட்டவர்களிடம் பிற்காலத்தில் இதய நோயும் கூடுதலாகக் காணப்பட்டது.

மூன்றாவதைத்தான் நான் ஊரில் அடிக்கடி சொல்வேன். பட்டினிக் காலத்தில் தாய் வயிற்றில் இருந்த பெண் பிள்ளைகள் வளர்ந்து தாங்கள் பிள்ளை பெறும் வயதுக்கு வந்தபோது, அவர்களுடைய கருவளம் குறைந்திருக்கவில்லை. 1997இல் வெளியான ஆய்வின் முடிவு அது. பட்டினி உடம்பில் தடம் விட்டது. பிள்ளை பெறும் ஆற்றலைப் பறிக்கவில்லை. பங்கருக்குள் பிறந்த பெண் பிள்ளையைப் பெண் கேட்டு வருகிறவர்கள் தயங்கினால், அந்தத் தயக்கத்துக்கு விஞ்ஞானத்தில் இடமில்லை.

முதல் இரண்டு கிழமை

அப்படியென்றால் ஏன் தங்குவதில்லை? இதற்குக் கருவின் முதல் 14 நாட்களைப் பார்க்க வேண்டும்.

விந்தும் சூலும் சேர்வது கருப்பையில் அல்ல, பலோப்பியன் குழாயில். முதல் மூன்று நாட்கள் முளையம் ஓடுவது தாயின் சூல் கட்டிக் கொடுத்த சோற்றில். 4 முதல் 8 கலங்கள் ஆகும் கட்டத்தில்தான் அதன் சொந்தப் பரம்பரையலகுகள் வேலைக்கு இறங்குகின்றன. ஐந்தாம் நாள் அது உள்ளே நீர் நிறைந்த சிறு பந்து. பாடப்புத்தகத்தில் 'அரும்பர்ச் சிறைப்பை' என்று பாடமாக்கினோமே, அதுதான். உள்ளே ஓரமாக ஒட்டியிருக்கும் கலத்திரள் பிள்ளையாகும். வெளிச்சுவர் சூல்வித்தகத்துக்கு அடித்தளமாகும். சூல் வெளியேறி 8 முதல் 10 நாளில் பெரும்பாலும் கருப்பைச் சுவரில் பதிகிறது.

இந்த வழியில் எத்தனை கருக்கள் தொலைகின்றன என்பதை 1988இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பிள்ளைக்கு முயன்றுகொண்டிருந்த 221 பெண்களின் சிறுநீரை நாள்தோறும் சோதித்தார்கள். 198 கர்ப்பங்கள் பிடிபட்டன. அவற்றில் 22 சதவீதம், கர்ப்பம் என்று வழமையாகத் தெரியவரும் முன்பே முடிந்துபோயின. பிறகு கலைந்தவற்றையும் சேர்த்தால் 31 சதவீதம். அந்தப் பெண்கள் செல்லடி காணாதவர்கள், பங்கர் தெரியாதவர்கள்.

காரணங்களில் பெரியது நிறமூர்த்தக் கணக்கு. தாயிடமிருந்து 23, தகப்பனிடமிருந்து 23 வர வேண்டும். சூல் அம்மம்மாவின் வயிற்றில் தொடங்கிய பிரிவை இடையில் நிறுத்திவிட்டு, 20, 30, 40 வருடம் காத்திருக்கிறது. நிறமூர்த்தங்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதங்கள் அந்தக் காத்திருப்பில் தேய்கின்றன. பிரிவு மீண்டும் தொடங்கும்போது ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம். அப்படிப்பட்ட முளையம் பெரும்பாலும் தானாக நின்றுவிடும். முதல் மூன்று மாதங்களில் கலையும் கர்ப்பங்களில் ஏறக்குறையப் பாதிக்கு இதுவே காரணம். வயது கூடக்கூட இந்தப் பிழை கூடும். 35க்குப் பிறகு வேகமாகக் கூடும். சண்டை, இடப்பெயர்வு, காணாமல் போனவரைத் தேடி அலைந்தது என்று கலியாணம் தள்ளிப்போன பெண்களுக்குச் சண்டை செய்த தீங்கு ஒருவேளை இதுவாக இருக்கலாம்: புகையால் அல்ல, பறித்த வருடங்களால்.

பப்பாசி தின்றதாலோ, பள்ளம் நிறைந்த ரோட்டில் மோட்டார் சைக்கிளில் போனதாலோ, தண்ணீர்க் குடம் தூக்கியதாலோ நிறமூர்த்தம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

பதியும் நாட்களில் நடப்பதை நேரில் பார்க்க முடியாததால், ஆய்வுகூடங்கள் இப்போது வேறு வழி தேடுகின்றன. மனித முளையத்தைக் கருப்பைக்கு வெளியே 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்ற எல்லை பிரித்தானியாவின் 1984 வோர்னொக் குழு அறிக்கையிலிருந்து வந்தது. 1990இல் அங்கே சட்டமானது. உடலின் அச்சு தெரியத் தொடங்குவது அந்தக் கட்டத்தில். 2016இல் மக்தலேனா செர்னிக்கா-கோட்ஸ், அலி பிரிவன்லூ ஆகியோரின் குழுக்கள் 13 நாள் வரை வளர்த்துக் காட்டின. 2023இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஜேக்கப் ஹன்னாவின் குழு விந்தும் சூலும் இல்லாமல், மூலக் கலங்களிலிருந்தே 14 நாள் முளையத்தைப் போன்ற ஒரு மாதிரியை உண்டாக்கியது. அது பிள்ளையாக வளராது. கருப்பையில் வைப்பதையும் இத்துறையின் நெறிமுறைகள் தடைசெய்கின்றன. கரு ஏன் பதியாமல் போகிறது என்பதை அறியவும், எந்த மருந்து முளையத்தைத் தாக்கும் என்று சோதிக்கவும் அது உதவும். மனித முளையத்தில் ஆய்வு செய்வதைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்பதில்லை. இந்த மாதிரிகளை எந்தப் பக்கத்தில் வைப்பது என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

ஆண்கள் வாசிக்க வேண்டிய பகுதி

பிள்ளை தங்காத சோடிகளில் ஏறக்குறையப் பாதியில் ஆணின் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. தனியாகவோ பெண்ணின் காரணத்தோடு சேர்ந்தோ. விந்துப் பரிசோதனை நோவில்லாதது, செலவு குறைந்தது, சில நாளில் முடிவு தெரியும். இருந்தும் எங்கள் ஊரில் பெண் ஸ்கான், இரத்தப் பரிசோதனை, குழாய்ப் பரிசோதனை எல்லாம் முடித்து, கடைசியில்தான் கணவர் ஒரு போத்தலை வாங்குவார். சிலர் அதுவும் இல்லை. நானும் ஆண் என்பதால் என்னிடம் வெளிப்படையாகவே சொல்வார்கள்: வெட்கம்.

சூலைப் போல விந்து பழைய சேமிப்பல்ல. அது புதிதாக உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் எடுக்கும். ஆகவே புகையையும் குடியையும் நிறுத்தினால் பலன் தெரிய மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட கணக்கின்படி உலகில் ஆறில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் இந்தப் பிரச்சினையைக் காண்கிறார். ஒரு வருடம் முயன்றும் தங்காவிட்டால் இருவரும் சேர்ந்து வைத்தியரிடம் போக வேண்டும். பெண் 35 வயதைத் தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே. ஆய்வுகூடத்தில் கருத்தரிக்கச் செய்யும் சிகிச்சை இலங்கையில் பெரும்பாலும் நகரத்துத் தனியார் வைத்தியசாலைகளில்தான் கிடைக்கிறது. மீன்பிடிக் குடும்பமொன்றுக்கு எட்டாத செலவு. ஆனால் முதல் பரிசோதனைகளுக்கு அங்கே போகத் தேவையில்லை.

'ஊசி போட்டார்கள்' என்ற பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. 2013 ஓகஸ்டில் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில், போதிய விளக்கமோ விருப்பமோ இல்லாமல் தங்கள் கையில் கருத்தடைக் குச்சிகள் பொருத்தப்பட்டதாகப் பெண்கள் முறையிட்டார்கள். அந்தச் செய்தி பரவிய ஊர்களில் கிளினிக் என்றாலே சந்தேகம் மிஞ்சியது. மருத்துவ ரீதியாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: தோலுக்குக் கீழ் வைக்கும் அந்தக் குச்சிகளை எடுத்துவிட்டால் கருத்தரிக்கும் ஆற்றல் திரும்பும்.

எல்.ஆர்.ரி. செய்த தாய்மாரின் நிலை வேறு. குழாயை வெட்டிக் கட்டிய பின் சண்டையில் பிள்ளைகளை இழந்தவர்கள் இருக்கிறார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழ்நாடு அரசு, பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்குக் குழாயை மீண்டும் இணைக்கும் சத்திரசிகிச்சையை இலவசமாக அறிவித்தது. நாகப்பட்டினம் கரையில் அதன் பின் பிள்ளை பெற்றவர்கள் உண்டு. முள்ளிவாய்க்காலுக்குப் பின் இங்கேயும் அப்படியொரு திட்டத்தை உடனே தொடங்கியிருக்க வேண்டும். வயது கடந்த பின் குழாயை இணைத்தும் பயன் குறைவு.

இருபத்தெட்டாம் நாள்

பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் ஆகப்போகும் நரம்புக் குழாய், கருவுற்று 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு கிழமை ஆகும் நேரம் அது. 1991இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று, முன்பு இந்தக் குறையோடு பிள்ளை பெற்ற தாய்மார் கருத்தரிக்கும் முன்பே போலிக் அமிலம் எடுத்தால், அது மீண்டும் வரும் வாய்ப்பு 72 சதவீதத்தால் குறைவதைக் காட்டியது. கர்ப்பம் உறுதியான பிறகு தொடங்கினால் பெரும்பாலும் பிந்திவிடும். புதுமணத் தம்பதிகளுக்குக் கொடுக்கவென்றே இலங்கையின் குடும்பநல உத்தியோகத்தர்களிடம் இந்தக் குளிசை இருக்கிறது. கலியாணப் பதிவு முடிந்ததும் போய்க் கேட்டு வாங்கலாம். காசில்லை.

கிளினிக் அட்டையையும், பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டையும் எறிந்துவிடாதீர்கள். நெதர்லாந்தில் அறுபது வருடம் கழித்து ஆராய முடிந்தது அப்படிப்பட்ட கடதாசிகள் மிஞ்சியதால்தான். வன்னியில் பலருடைய அட்டைகள் வீடுகளோடு எரிந்தன. சிலர் உடுப்பை விட்டுவிட்டு அதைச் சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். 2009இன் முதல் மாதங்களில் கருவாகி, மடுவுக்குப் பக்கத்திலேயே செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தாய்மார் சுமந்த பெண் பிள்ளைகள் இனி வரும் பத்து வருடத்தில் கலியாணம் முடித்துத் தாங்களும் கிளினிக்குக்கு வருவார்கள். அவர்களுடைய தாய்மாரிடம் அந்த அட்டை இன்னும் இருந்தால், வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள்.