முறிந்த கிளையும் தழைக்கும்

வட்டவளைத் தோட்டமொன்றில் கவ்வாத்து வெட்டிய மலையைப் புதிதாகக் காண்பவர், தேயிலைச் செடிகள் பட்டுப்போயின என்றே எண்ணுவர். ஆனால், வேரிற் சேர்ந்துள்ள மாப்பொருளின் வலிமையால் வெட்டுண்ட கிளைகளில் மீண்டும் தளிர் அரும்புகிறது. ஓர் இலையோடு நறுக்கிய சிறு தண்டும் நாற்றுமேடையில் தனிச் செடியாகிறது. கடலடியிலும் இவ்வாறு தழைக்கும் உயிர் ஒன்று உண்டு. அதுவே கிளைவிடும் முருகைக்கல். பவளப்பாறை என்றும் கூறுவர்.

எண்ணற்ற சிற்றுயிர்கள் சுண்ணத்தாற் கட்டிய மாளிகை அது. அதில் மான்கொம்பு போன்ற இனம் ஆண்டுக்கு 10 முதல் 20 சென்ரிமீற்றர் வரை நீளவல்லது. புயலலை அதனை எளிதில் முறித்துவிடும். எனினும், முறிந்த துண்டு உறுதியான தளத்தில் அசையாது தங்குமாயின், அங்கேயே ஒட்டிப் புதுக்கிளை விடும்.

இம்மீட்சி எப்போதும் கைகூடுமா? 1961 ஒக்டோபரில் ஹற்றி என்னும் சூறாவளி, இன்று பெலீஸ் எனப்படும் நாட்டைத் தாக்கியது. அங்குள்ள முருகைக்கற்றிட்டுகளைப் புயலுக்கு முன்பே ஆராய்ந்திருந்த டேவிட் ஸ்டொடார்ட் என்னும் ஆங்கிலப் புவியியலறிஞர், மறு ஆண்டே திரும்பிச் சென்று இரு நிலைகளையும் ஒப்பிட்டார்; 1972இலும் மீண்டும் ஆராய்ந்தார். கடுஞ்சேதமுற்ற இடங்கள் மீளப் பல பத்தாண்டுகள் வேண்டும் என்பது அதனாற் புலனாயிற்று.

1980இல் அலன் சூறாவளி யமேய்க்காவைத் தாக்கியபின் நிகழ்ந்தது இன்னும் துயரமானது. புயலுக்குத் தப்பிய துண்டுகள் பல, அடுத்த மாதங்களில் நோயாலும் அவற்றைத் தின்னும் நத்தைகளாலும் மடிந்தன. பாசியை மேயும் மீன்கள் மிகைப்பிடிப்பால் முன்பே அருகியிருந்தன. 1983இல் கடல்முள்ளிகளும் கூட்டமாக மாண்டன. பாசி படர்ந்து திட்டுகளை மூடிற்று. புயல் முறித்ததைப் பின்வந்த கேடுகளே அழித்தன.

இலங்கையிலும் 1998இல் கடல்நீர் வெப்பமுற்றதால் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் ரீஃபின் ஆழமற்ற பகுதிகளில் முருகைக்கற்கள் வெளிறி மடிந்தன. பின்னர் அவை மெல்லத் தழைத்தன. 2016இல் மீண்டும் வெப்பம் தாக்கிற்று. இடைவேளை குறுகினால் எவ்வுயிர்தான் தேறும்?

சேறு படிவதும் மீட்சிக்குத் தடையே. அது முறிந்த துண்டை மூடி, ஒளியை மறைக்கும். வட்டவளைச் சரிவில் மகாவலியைச் சேரும் மழைநீர், திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலை அடைகிறது. எனவே, கான் வெட்டி மலைமண்ணைக் காப்பவர், தாம் காணாத கடலுக்கும் துணைபுரிகிறார்.