அச்சுக்கூடம் யாருடையது? 'பறையன்' முதல் அடுத்த இணையம் வரை

1996 பிப்ரவரியில், டாவோஸ் நகரில் இருந்தபடி ஜான் பெரி பார்லோ என்ற அமெரிக்கர் இணையவெளிக்கு ஒரு விடுதலைப் பிரகடனம் எழுதினார். இனம், பணபலம், படைபலம், பிறந்த நிலை எதையும் பார்க்காமல் எவரும் நுழையக்கூடிய ஓர் உலகத்தைப் படைக்கிறோம் என்பது அதன் சாரம். பிறந்த நிலை! எழுதியவர் சேரியை நினைத்து எழுதியிருக்க மாட்டார். ஆனாலும் அது நமக்கும் சேர்த்துத் தரப்பட்ட வாக்குறுதிதான். இப்போது அடுத்த தலைமுறை இணையம், செயற்கை நுண்ணறிவு, எந்த முதலாளியும் இல்லாத வலைப்பின்னல் என்று அதே வாக்குறுதி புதுச்சட்டை போட்டு வருகிறது. நம்பலாமா?

நம் முன்னோர்கள் ஒரு புதிய ஊடகத்தை ஏற்கெனவே சந்தித்திருக்கிறார்கள். அது அச்சு.

1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் 'பறையன்' இதழைத் தொடங்கினார். எந்தச் சொல்லால் இழிவுபடுத்தினார்களோ அதையே தலைப்பாக வைத்தார். முதல் இதழுக்குச் செலவு 10 ரூபாய், இரண்டே நாளில் 400 பிரதிகள் விற்றுத் தீர்ந்தன என்று தன் ஜீவிய சரித்திரத்தில் குறிப்பிடுகிறார். அடுத்து அவர் செய்த காரியத்தைக் கவனியுங்கள்: சொந்தமாக அச்சுக்கூடம் அமைத்தார். 1907 ஜூன் 19 அன்று ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைக் கொண்டுவந்த அயோத்திதாசப் பண்டிதரும் அந்த வழியில்தான் போனார். அது கோலார் தங்கவயல் வரை, கடல் கடந்து ரங்கூன் வரை போய்ச் சேர்ந்தது.

சொந்த அச்சு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு மராட்டியத்தில் பதில் இருக்கிறது. 1920 ஜனவரி 31 அன்று அண்ணல் அம்பேத்கரின் 'மூக்நாயக்' வெளிவந்தபோது, காசு கொடுத்துப் போடச் சொன்ன விளம்பரத்தைக்கூட திலகரின் 'கேசரி' மறுத்துவிட்டது. தேச விடுதலை பேசிய பத்திரிகை அது!

சொந்த அச்சு இருந்தும் ஒன்று நடந்தது. பறையன் இதழின் பிரதிகள் இன்று நம் கையில் இல்லை. அக்காலத்துத் தலித் இதழ்கள் பலவற்றில் என்ன எழுதினார்கள் என்பதையே, உள்ளூர்ப் பத்திரிகைகளை உளவுபார்க்க வெள்ளையர் அரசு தயாரித்த மொழிபெயர்ப்பு அறிக்கைகளிலிருந்துதான் ஆய்வாளர்கள் மீட்கிறார்கள். நம் குரலைக் காத்தது நம் நூலகமல்ல, கண்காணித்தவனின் கோப்பு. தமிழன் இதழ்கள் தப்பியதற்கு அன்பு பொன்னோவியம் போன்றோர் அவற்றைப் பாதுகாத்து வைத்ததே காரணம். அவற்றிலிருந்து ஞான அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் 1999-இல் வந்த பிறகுதான், தமிழ் அறிவுலகத்துக்குப் பண்டிதர் 'கிடைத்தார்'. மறைந்து 85 ஆண்டுகள் கழித்து.

இணையத்தில் நாம் இருப்பது வாடகை வீட்டில். ஆர்குட் 2014-இல் மூடியது. யாகூ குழுமங்களில் சேர்ந்திருந்த விவாதங்களை 2019 டிசம்பரில் அந்த நிறுவனம் அழிக்கத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் ட்விட்டர் சாதி பார்க்கிறது என்ற கோபத்தில் பலர் மாஸ்டடானுக்குக் குடிபெயர்ந்தார்கள். அது பொதுமென்பொருள், யாரும் தன் சொந்தச் சேவையகத்தில் நடத்தலாம். ஆனால் நம்மவர்கள் பலரும் அடுத்தவர் நடத்திய சேவையகத்தில் கணக்குத் திறந்தார்களே தவிர, நமக்கென்று ஒன்றை நிறுவும் பேச்சு வலுக்கவில்லை. சில வாரங்களில் பெரும்பாலோர் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். படிப்பவர்கள் அங்கேதானே இருந்தார்கள்!

இனி வருகிற இயந்திரங்கள் இணையத்தில் கிடக்கும் எழுத்தைத் தின்று கற்பவை. நம்மைப் பற்றி மற்றவர் எழுதியது அங்கே மலைபோல் இருக்கிறது. நாம் எழுதியதோ முகநூல் நேரலைகளிலும், வாட்ஸப் குரல் பதிவுகளிலும், என்றோ நின்றுபோன சிற்றிதழ்களின் மக்கிய தாள்களிலும் சிதறிக் கிடக்கிறது. சொல்லை மட்டும் பார்த்து வடிகட்டும் இயந்திரத்துக்கு, சீனிவாசன் வைத்த தலைப்பும் தெருவில் வீசப்படும் வசவும் ஒன்றாகவே தெரியும்.

எனக்கு அடுத்த இணையத்தின் மீது நம்பிக்கை உண்டு, தோழர்களே. ஆனால் அது வேகத்தின் மீதான நம்பிக்கை அல்ல. இன்று ஒரு சேவையகத்தை வாடகைக்கு எடுத்து நாமே நடத்துவது, அன்று சீனிவாசன் அச்சு இயந்திரம் வாங்கியதைவிட எளிது. சேரிக் கூட்டங்களைப் படம் பிடிக்கும் இளைஞர்கள் மூலக்கோப்பை யூடியூபில் ஏற்றியதும் அழித்துவிடுகிறார்கள். கைப்பேசியில் இடமில்லையாம். முதலில் அதற்கு ஒரு வன்தட்டு வாங்கிக் கொடுப்போம்.