வெள்ளிக் கூஜாவுக்குப் பக்கத்தில் கால்விலங்கு

ஒரு எக்ஸிபிஷன்ல க்யூரேட்டருக்கு என்ன வேலை? பொருளைத் தேர்ந்தெடுக்கணும், எதுக்குப் பக்கத்துல எதுன்னு முடிவு பண்ணணும், கீழே ஒரு லேபிள் எழுதணும். இன்னிக்கு நான் சொல்லப் போறது, கிட்டத்தட்ட இதை மட்டுமே தன் கலையா செஞ்ச ஒருத்தரைப் பத்தி. பேரு ஃப்ரெட் வில்சன்.

நியூயார்க்கின் பிராங்க்ஸில் 1954-ல் பிறந்த கறுப்பினக் கலைஞர். படிக்கிற காலத்தில் ஒரு மியூசியத்தில் காவலாளியாக நின்றவர். இதை முக்கியமா நினைக்கிறேன். நாள் முழுக்க ஒரே அறையில நிக்கிறவருக்கு அங்கே என்ன வச்சிருக்காங்க, என்ன வைக்கலைன்னு நல்லாவே தெரியும்.

1992-ல் பால்டிமோர் நகரத்தில், சொந்தக் கட்டிடமே இல்லாமல் இயங்கிய 'தி கன்டெம்பரரி' என்ற மியூசியம் அவரை அழைத்தது. கண்காட்சி நடந்த இடம் வேறு: மேரிலேண்ட் வரலாற்றுச் சங்கம். 1844-ல் தொடங்கிய பழைய அமைப்பு. மேரிலேண்ட், உள்நாட்டுப் போர் வரைக்கும் அடிமை முறை சட்டப்படி நடந்த மாநிலம். ஆனால் சங்கத்தின் கூடங்களில் பெரிதாகத் தெரிந்தது வசதியான வெள்ளைக் குடும்பங்களின் வாழ்க்கைதான். மற்றதெல்லாம் கிடங்கில். வில்சன் அந்தக் கிடங்குக்குள் போனார்.

கண்காட்சிக்கு 'மைனிங் தி மியூசியம்' என்று பெயர். மைன் என்றால் சுரங்கம், கண்ணிவெடி, 'என்னுடையது' மூணுமே. மூணையும் சேர்த்துத்தான் வச்சிருக்கார்.

நுழைந்ததும் மூன்று வெள்ளைப் பீடங்கள். மேலே நெப்போலியன், ஹென்றி கிளே, ஆண்ட்ரூ ஜாக்சன் சிலைகள். எதிரில் மூன்று கறுப்புப் பீடங்கள், மேலே ஒன்றுமே இல்லை. பெயர் மட்டும்: ஹாரியட் டப்மன், ஃப்ரெடரிக் டக்ளஸ், பெஞ்சமின் பன்னேக்கர். காலியாக இருந்த பெயர்கள் மூன்றுமே மேரிலேண்டில் பிறந்தவர்கள். சிலை இருந்த மூவரில் ஒருவர்கூட அந்த ஊர்க்காரர் இல்லை.

அடுத்து ஒரு கண்ணாடிப் பெட்டி. 'உலோக வேலைப்பாடு, 1793–1880' என்று லேபிள். பூ வேலை செய்த வெள்ளிக் கூஜாக்கள், கோப்பைகள். நடுவே அடிமைகளுக்குப் பூட்டிய இரும்பு விலங்கு. வேற விளக்கம் கிடையாது. லேபிள்ல பொய்யும் கிடையாது, ரெண்டுமே உலோக வேலைப்பாடுதானே! அந்த வெள்ளியை வாங்கிய பணம் எங்கிருந்து வந்ததுன்னு யாரும் எழுத வேண்டியதில்ல, பக்கத்துலயே கிடக்குது. இன்னொரு அறையில் 'மர வேலைப்பாடு, 1820–1960'. நேர்த்தியான பழைய நாற்காலிகள், நாடகம் பார்க்கிற மாதிரி ஒரே பக்கம் திரும்பியிருக்கும். அவை பார்ப்பது ஆட்களைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடிக்கிற கம்பத்தை.

ஓவியங்களையும் அவர் விடவில்லை. 1710 வாக்கில் வரைந்த ஒரு படத்தில் ஹென்றி டார்னல் என்ற பணக்கார வீட்டுச் சிறுவன் நடுவில் நிற்பான். ஓரத்தில் கழுத்துப் பட்டையோடு ஒரு கறுப்பினச் சிறுவன். வழக்கமாக நம்ம கண்ணு நடுவுக்குத்தான் போகும். வில்சன் ஓரத்துப் பையன் மேல் வெளிச்சம் போட்டு, நான் உனக்கு யாருன்னு கேட்கிற ஒரு குழந்தைக் குரலையும் ஒலிக்க வைத்தார்.

எல்லாமே எனக்குப் பிடிச்சதுன்னு சொல்ல மாட்டேன். ஒரு குழந்தை வண்டிக்குள் கு கிளக்ஸ் கிளான் முகமூடித் துணியை வைத்திருந்தார். அது கொஞ்சம் சத்தமா பேசுது. கூஜாவும் விலங்கும் குரலை உசத்தாமலே அதைவிட அதிகம் சொல்லிடுது. சில பார்வையாளர்களுக்கோ மொத்தக் காட்சியும் பிடிக்கவில்லை, எழுதியே கொடுத்தார்கள். ஆனாலும் கண்காட்சி 1993 பிப்ரவரி வரைக்கும் நடந்தது. பத்து வருஷம் கழித்து, 2003 வெனிஸ் பியன்னாலேயில் அமெரிக்காவின் சார்பாகக் காட்சி வைத்தவர் இதே வில்சன்.

அதுக்கப்புறம் கலைஞரைக் கூப்பிட்டுக் கிடங்கைத் திறந்துவிடுவது பல மியூசியங்களில் ஒரு பழக்கமாகவே ஆயிடுச்சு. எனக்கு அதில் ஒரு உறுத்தல் இருக்கு. கலைஞர் சில மாசம் காட்டுவார், முடிஞ்சதும் பொருள்கள் பழையபடி கிடங்குக்குப் போயிடும். யாரைக் கூப்பிடறது, எந்த அறையோட சாவியைக் கொடுக்கறதுங்கிறதை இன்னமும் மியூசியம்தான் முடிவு பண்ணுது.